ஒன்றரைக் கிலோ குழுவின் கனகராஜ் அண்ணன்

செவ்வாய்க்கிழமை காலை, நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையின் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோது போன் அடித்தது. கடம்பூரிலிருந்து கனகராஜ் அண்ணனின் மனைவி முத்துமாரியின் தம்பி பேசினான். "அக்கா, மச்சான் போயிட்டாவ" என்றான். எங்கே போய்விட்டார் என்று கேட்டேன். அவன் அழுத பிறகுதான் எனக்குப் புரிந்தது. அவன் மகளின் காதுகுத்துக்காக முந்தின நாள் குடும்பத்தோடு போயிருந்தவர், காலையில் எழுந்து பல் தேய்த்துவிட்டு, நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லி உட்கார்ந்திருக்கிறார். கார் பிடித்துக் கோவில்பட்டிக்குக் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கனகராஜ் அண்ணனுக்கு வயது நாற்பத்திரண்டு.

மத்தியானம் அவர் வீட்டு முன்னால் போட்டிருந்த பந்தலுக்குள் நிற்க இடமில்லை. இடுப்பில் பிள்ளையோடு பெண்கள், தோளில் பிள்ளையோடு ஆண்கள், பள்ளிச் சீருடையிலேயே அழைத்து வரப்பட்ட சிறுவர் சிறுமிகள். அவருடைய தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் என் பக்கத்தில் வந்து, "ஏம்மா, இவிய எல்லாம் எந்த வழிச் சொந்தம்? எனக்கு ஒருத்தரையும் தெரியலையே" என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் பழக்கம் என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் சொல்லும் நிலையில் அன்று நான் இல்லை. நம் வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். மீதியையும் சேர்த்து எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

ஏழு வருடங்களுக்கு முன் என் மகன் அகிலன் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். ஒன்றரைக் கிலோ. பிறந்ததும் பச்சிளங் குழந்தைகள் வார்டுக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். என் கணவர் திருப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்தார். சிசேரியன் முடிந்த மறுநாள் அம்மா என்னைக் கைத்தாங்கலாக அந்த வார்டு வாசலுக்கு அழைத்துப் போனார். உள்ளே சாய்வு நாற்காலியில் ஓர் ஆண், சட்டைப் பொத்தான்களைத் திறந்துபோட்டு, மார்பில் ஏதோ கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெஞ்சில் காயம் போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தக் கட்டுக்குள்ளிருந்து தொப்பி போட்ட, சாத்துக்குடி அளவே உள்ள ஒரு தலை அசைந்தது.

அதுதான் அவருடைய மகள் சக்தி. என் மகனைவிட நூறு கிராம் குறைவு. பிரசவத்தில் இரத்த அழுத்தம் ஏறிவிட்டதால் முத்துமாரி மேல்மாடி வார்டில் படுத்திருந்தார். தாயால் முடியாவிட்டால் தகப்பன் வைத்துக்கொள்ளலாம், தோலோடு தோல் சேர்ந்தால் பிள்ளைக்குச் சூடு கிடைக்கும், எடையும் ஏறும் என்று செவிலியர் சொல்லியிருக்கிறார். பார்க்க வந்த உறவுக்காரர்கள் வாசலில் நின்று சிரித்திருக்கிறார்கள். ஆம்பளை பால் கொடுக்கிறானா என்று ஒருவர் கேட்டே விட்டாராம். மூன்றாம் நாள் என் கணவரும் அந்த நாற்காலியில் உட்காரத் தயங்கியபோது அண்ணன் சொன்னதை நான் காதால் கேட்டேன்.

"மாப்ளே, நானும் முத நாளு வெக்கப்பட்டேன். நாம வெக்கப்பட்டுக்கிட்டு நின்னா புள்ளைக்குச் சூடு எங்கிருந்து வரும்? சட்டையக் கழத்துங்க. தலைய ஒரு பக்கமாச் சாச்சு வைக்கணும், மூக்கு அமுங்கிராம. அம்புட்டுத்தான்."

கைகழுவவும் அவர்தான் என் கணவருக்குக் காட்டிக்கொடுத்தார். கடலைமிட்டாய் போடுகிறவர், நகக்கண் வரைக்கும் வெல்லப்பாகு ஒட்டுகிற தொழில். பாகு ஒட்டின கையைக் கழுவுகிற மாதிரியே எப்போதும் கழுவ வேண்டும் என்பார். மோதிரத்தையும் கைக்கயிற்றையும் கழற்றச் சொன்னார். என் கணவர் அன்று கழற்றிய மோதிரத்தை அகிலனுக்கு ஒரு வயது ஆகும்வரை திரும்பப் போடவில்லை.

அடுத்ததாக எழுதப்போவதை என் வீட்டாரையும் அன்று ஆஸ்பத்திரியில் உடனிருந்தவர்களையும் தவிர வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை. ஐந்தாம் நாள். பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் எடுத்துப் பாலாடையால் புகட்ட வேண்டும். அரை மணி நேரம் முயன்றும் கிண்ணத்தின் அடி நனையவில்லை. நான் மருந்தாளுநர் படிப்புப் படித்தவள். எந்த மருந்து எந்த நோய்க்கு என்று சொல்லத் தெரிந்தவள். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த என் பிள்ளையைப் பார்த்தால் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பாசம் இல்லை, பயம்கூட இல்லை. யாருடைய பிள்ளையோ என்பது போலிருந்தது. ஜன்னல் பக்கம் நின்று சக்திக்குத் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்த அவரிடம், ஏன் என்று தெரியாமலே அதைச் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, எனக்கு இந்தப் புள்ளையப் பாத்தா ஒண்ணுமே தோணல. எங்கயாவது போயிரலாம்னு இருக்கு."

பெற்றவள் பேசுகிற பேச்சா என்று அவர் கேட்கவில்லை. அழாதே என்றும் சொல்லவில்லை. சக்தியின் தொப்பியைச் சரிசெய்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, இது ஆம்பளை எனக்குத் தெரியாத வெசயம். தெரிஞ்ச மாதிரி ஒண்ணு சொல்லிட்டுப் போக மாட்டேன். முத்துமாரியக் கூட்டியாரேன். நர்சம்மாகிட்டயும் சொல்லணும்னு எனக்குத் தோணுது. நீங்க சரின்னாத்தான் சொல்லுவேன். சொல்லட்டுமா?"

நான் தலையாட்டினேன். முத்துமாரி சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். அதுவரை அவரோடு நான் பேசியதே இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். "முதல்ல இம்புட்டுத்தான் வரும்மா. புள்ளைக்கு வயிறே கோலிக்குண்டு அளவுதான், அதுக்கு இது காணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க எடுத்துக்கிட்டே இருந்தா ஊறிரும்" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் மேல படுத்துக் கெடக்கும்போது ஒண்ணும் வேண்டாம்னுதான் இருந்துச்சு. டாக்டரம்மாகிட்டச் சொன்னேன். நீங்களும் சொல்லிருங்க" என்றார்.

அன்று மாலையே மருத்துவர் வந்து என்னோடும் கணவரோடும் பேசினார். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு இப்படி வரும், இது குணமல்ல, நோய், இதற்கு வைத்தியம் உண்டு என்றார். என்னைத் தனியாக விடக்கூடாது, தொடர்ந்து நாலைந்து மணி நேரமாவது தூங்க விட வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னார். மருந்தும் பேச்சுமாக மாதங்கள் போயின. மூன்றாம் மாதம் ஒரு காலையில் அகிலன் வாய் கொள்ளாமல் ஒரு கொட்டாவி விட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தச் சிரிப்பு வந்ததற்கு, அண்ணன் அன்று என்னிடம் அனுமதி கேட்டதுதான் காரணம் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து எப்போதும்வென்றான் என்ற ஊரில் இருக்கும் என் கணவர் வீட்டுக்குப் போனோம். நாங்கள் போய்ச் சேர்ந்த அந்த வாரமே மாமியாரின் அக்கா, என் கணவரின் பெரியம்மா, வந்துவிட்டார். பிள்ளையை எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டுக் குளிப்பாட்ட வேண்டும், மூக்கில் ஊத வேண்டும், சீனித்தண்ணி கொடுக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கணவர் அண்ணனுக்குப் போன் செய்தார். முந்தின நாள்தான் நல்ல மழை. கரிசல் பாதையில் வண்டிச் சக்கரம் சுற்றவில்லை என்று அவர் பைக்கை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு, ஒரு செருப்புக்கு ஒரு கிலோ மண்ணோடு நடந்து வந்தார்.

பெரியம்மாவிடம் அவர் வாதம் செய்யவில்லை. எத்தனை பிள்ளை பெற்றீர்கள், எப்படி வளர்த்தீர்கள் என்று கேட்டார். முழுக் கதையையும் கேட்டார். ஒரு மணி நேரம் ஆனது. அதில் இறந்துபோன இரண்டு பிள்ளைகளின் கதையும் வந்தது. அவர்களின் பெயரைக் கேட்டார். பெரியம்மா சொன்னார். அந்தப் பெயர்களை எங்கள் வீட்டில் யாரும் அதுவரை கேட்டதில்லை.

கடைசியில், "பெரியம்மா, குளிப்பாட்டுததெல்லாம் ஒங்க கையாலதான் நடக்கணும். ஆனா எடை கூடட்டும், நாங்க சொன்னப்புறம் குளிப்பாட்டுங்கன்னு டாக்டரு சொல்லிருக்காவ. இப்பக் குளுந்து போச்சுன்னா தாங்காது. அது வரைக்கும் தாய்ப்பாலத் தவிர வேற ஒண்ணும் வேண்டாம். நீங்க நெஞ்சுல போட்டு வச்சுக்கிடுங்க" என்றார்.

"ஏலே, ஆம்பளை வந்து எனக்குப் புள்ளை வளக்கச் சொல்லித்தாரியா?" என்று பெரியம்மா சத்தம் போட்டார். சத்தம் போட்டுக்கொண்டே கையை நீட்டிப் பிள்ளையை வாங்கினார். அடுத்த ஒரு மாதம் அகிலன் பாதி நேரம் அவர் நெஞ்சில்தான் தூங்கினான்.

இப்படித்தான் அவருடைய நம்பர் பரவியது. குறைமாதத்தில் பிள்ளை பிறந்து கையைப் பிசைந்து நிற்கிற அப்பாக்களிடம், "இவரிடம் பேசிப் பாருங்கள்" என்று செவிலியர்களே சொல்ல ஆரம்பித்தார்கள். பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு குழு. அதற்கு 'ஒண்ணரைக் கிலோ' என்று பெயர் வைத்தவர் அவரே. பெண்கள் கேட்கக் கூச்சப்படும் கேள்வி என்றால் அதை முத்துமாரியிடம் கொண்டுபோய், "எங்க வீட்ல சொல்லுதா" என்று ஆரம்பித்துக் குரல் பதிவாக அனுப்புவார். பின்னணியில் முத்துமாரி, "அப்படிச் சொல்லாதீங்க, இப்படிச் சொல்லுங்க" என்று திருத்துவதும் சேர்ந்தே கேட்கும்.

அவர் ஒருமுறை பெரிய தவறு செய்தார். நினைவஞ்சலியில் இதை எழுதலாமா என்று யோசித்தேன். அவரே மறைக்காததை நான் ஏன் மறைக்க வேண்டும்? ஒரு தாய் தன் பத்து மாதப் பிள்ளைக்குக் காலையிலிருந்து வயிற்றோட்டம் என்று குழுவில் எழுதியிருந்தார். அண்ணன், "எங்க பாப்பாவுக்கும் இப்படித்தான் போச்சு. கஞ்சித்தண்ணி குடுத்தோம், நின்னுருச்சு. பயப்படாதீங்க" என்று பதில் போட்டுவிட்டார். கடையில் கூட்டமாக இருந்ததால் நான் அதைப் பார்த்தபோது மதியம் தாண்டிவிட்டது. உடனே அந்தத் தாய்க்குப் போன் செய்து, பிள்ளை கடைசியாக எப்போது சிறுநீர் போனான் என்று கேட்டேன். காலையிலிருந்து போகவில்லை என்றார். கண் உள்வாங்கியிருக்கிறதா என்றேன். ஆமாம் என்றார். "இப்பமே ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க. ஓஆர்எஸ் கரைச்சு வழியெல்லாம் கரண்டி கரண்டியாக் குடுங்க, பாலையும் நிறுத்தாதீங்க" என்றேன்.

பிள்ளைக்கு டிரிப் ஏற்றி, மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். முதல் நாளே, எங்கள் மருந்துக்கடைக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் அவருடைய மிட்டாய்க்கடை வாசலில் போய் நின்று நான் கத்தினேன். "நீங்க டாக்டரா? யாரைக் கேட்டுச் சொன்னீங்க?" பாகு கிண்டிக்கொண்டிருந்தவர் அடுப்பை அணைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், அந்தப் பிள்ளையின் தகப்பனிடம், "நான் சொன்னது தப்பு. என் பேச்சக் கேட்டு நீங்க நாலு மணி நேரத்த விட்டுட்டீங்க" என்று சொல்லியிருக்கிறார். அதையே குழுவிலும் எழுதினார். மறுநாள் என் கடைக்கு ஒரு நோட்டோடு வந்தார்.

"தங்கச்சி, எதெதுக்கு நான் வாயத் தெறக்கக் கூடாதுன்னு சொல்லு. எழுதிக்கிடுதேன்."

பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால், மூச்சு வாங்கி நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்தால், வலிப்பு வந்தால், கைகால் சில்லிட்டுப் போனால், மஞ்சள் நிறம் உள்ளங்கை வரை இறங்கினால், ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால், பச்சைப்பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தால் என்று நான் சொல்லச் சொல்ல எழுதினார். அதை ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதித் தன் கடைச் சுவரில் ஒட்டினார். அன்றிலிருந்து அவர் அனுப்பிய ஒவ்வொரு குரல் பதிவும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: "எங்க புள்ளைக்கு நடந்ததச் சொல்லுதேன். ஒங்க புள்ளைக்கு என்னன்னு டாக்டருதான் சொல்லணும்." குழுவில் உள்ள நமக்கெல்லாம் அது மனப்பாடம்.

அந்த அட்டை ஒட்டிய அடுத்த வருடம், ஒரு மத்தியானம். வெளியூரிலிருந்து கடலைமிட்டாய் வாங்க வந்த குடும்பம் ஒன்று அவர் கடை வாசலிலேயே பொட்டலத்தைப் பிரித்தது. இரண்டு வயசுப் பையன் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு ஓடினான். திடீரென்று நின்றான். அழுகை வரவில்லை, இருமல் வரவில்லை. முகம் நீலம் பாரிக்க ஆரம்பித்தது. தாய் அலறினார். நான் எதிர்க்கடையிலிருந்து இறங்கி ஓடினேன். ஓடினேனே தவிர, கையில் ஒரு மாத்திரை அட்டையோடு உறைந்து நின்றுவிட்டேன். படித்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை.

அவர் கடைப் பலகையைத் தாண்டிக் குதித்தார். பையனைக் குப்புறத் தொடையில் போட்டு, தலையைத் தாழ்த்திப் பிடித்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையின் அடியால் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது தட்டில் அரைக் கடலை மண்ணில் விழுந்தது. பையன் வீறிட்டான். அந்த அழுகையைக் கேட்டதும் அந்தத் தெருவே மூச்சு விட்டது. இப்படித் தட்டுவது, சக்தியை வீட்டுக்கு அனுப்பும்போது செவிலியர் ஒரு பொம்மையை வைத்துச் சொல்லிக் கொடுத்ததாம். வருடத்துக்கு ஒருமுறை தலையணையை வைத்து முத்துமாரியோடு சேர்ந்து பழகிப் பார்ப்பார்களாம். பிள்ளை அழுதுவிட்டான், சரியாகிவிட்டது என்று அந்தக் குடும்பம் கிளம்பப் பார்த்தது. அவர் விடவில்லை. நெஞ்சுக்குள் துணுக்கு ஏதும் தங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும் என்று தானே ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப் போனார்.

அதன் பிறகு யார் வந்து கேட்டாலும் பொட்டலம் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி உண்டு. "யாருக்கு வாங்குதீய? வீட்ல நாலஞ்சு வயசுக்குள்ள புள்ளை இருக்கா? இருந்தா முழுசாக் குடுத்துராதீங்க, மாவா நுணுக்கிக் குடுங்க." சிலர் முகம் சுளித்தார்கள். விற்கிறவனே வேண்டாம் என்று சொல்லும் கடையை இங்கேதான் பார்க்கிறேன் என்று ஒருவர் வாங்காமலே போனார். "போகட்டும். அவிய வீட்டுல இன்னைக்குப் பேச்சே இதுதான் ஓடும். அது போதும்" என்றார்.

பத்தாம் நாள் துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். முற்பகல் நேரம். முத்துமாரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய சித்தி. சக்தி பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். அலமாரியில் இருந்த அண்ணனின் போன் அடித்தது. யாரும் எழவில்லை. நின்று மறுபடி அடித்தது. முத்துமாரி எழுந்து எடுத்தார். மணியாச்சியிலிருந்து ஓர் இளைஞன். பதற்றத்தில் அவன் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. "அண்ணாச்சி இருக்காவளா? எம் பொண்டாட்டிக்குத் தண்ணி உடைஞ்சிருச்சு. வலி வரல. வலி வாரது வரைக்கும் இருப்போம்னு எங்கம்மா சொல்லுதாவ."

"அவிய இல்ல தம்பி. நான் அவிய வீட்ல பேசுதேன்" என்றார் முத்துமாரி. "வலி வராட்டாலும் இப்பமே போயிரணும். ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க. எத்தனை மணிக்கு உடைஞ்சுது? அதக் குறிச்சுக்கிடுங்க, டாக்டர் கேப்பாவ. தண்ணி என்ன நெறத்துல இருக்கு? பச்சையா இருந்தா அதையும் மறக்காமச் சொல்லுங்க. பழைய சீட்டு எல்லாத்தையும் எடுத்துக்கிடுங்க."

"பத்து நாள்தான ஆகுது. இப்ப இதெல்லாம் ஒனக்கு எதுக்குட்டி?" என்றார் சித்தி.

முத்துமாரி போனைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார்: "அங்கன தண்ணி உடைஞ்சிருக்கு சித்தி."

சாயங்காலம் அந்த இளைஞன் மறுபடி பேசினான். பெண் குழந்தை, நல்ல எடை, இரண்டு பேரும் நலம். அண்ணாச்சியிடம் சொல்ல வேண்டும் என்றான். அப்போதுதான் முத்துமாரி நடந்ததைச் சொன்னார். சொல்லிவிட்டு, பத்து நாளில் முதன்முறையாக, என் தோளில் சாய்ந்து அழுதார்.

குழு தொடர்ந்து நடக்கும். கேள்விகளுக்கு முத்துமாரியும் நானும் பதில் சொல்வோம். தெரியாததைத் தெரியாது என்றே சொல்வோம். அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது வேறொன்று. பிள்ளை பிறந்த வீட்டுக்கு அவர் போனால் தொட்டிலருகே போகமாட்டார். "புள்ளைய எல்லாரும் பாத்துக்கிடுவாவ. பெத்தவளுக்கு என்ன வேலை கெடக்கு?" என்று கேட்பார். தண்ணீர் பிடித்து வைப்பார், துணி காயப்போடுவார், மூத்த பிள்ளை இருந்தால் வெளியே கூட்டிப் போவார். அகிலன் பிறந்தபோது எங்கள் வீட்டிலும் அதைத்தான் செய்தார். அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மணியாச்சிக்குப் போனேன். அந்தப் பெண்ணும் குழந்தையும் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். எழுப்ப வேண்டாம் என்றேன். அடுப்படிக்குப் பின்னால் காலையிலிருந்து சேர்ந்த பாத்திரங்கள் குவிந்து கிடந்தன. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன்.